ஐஸ் கம்பெனியில் மின்சார ஆய்வு: ராமநாதபுரம் கரையில் ப்ராஜெக்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு

பி.இ. கடைசி வருடத்திலோ எம்.இ. இரண்டாம் வருடத்திலோ இருக்கிறீர்கள். கைடு "எனர்ஜி எஃபிஷியன்சியில ஏதாவது எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊர் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரையில் எங்கோ. அப்படியென்றால் வெறும் சிமுலேஷன் போட்டு முடித்துவிடாதீர்கள், பக்கத்திலேயே ஐஸ் கம்பெனி இருக்கிறது. இரவும் பகலும் ஓடும் அமோனியா கம்ப்ரசர், தண்ணீர்க் கேன்களை உறைய வைக்கும் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியான பிரைன் டேங்க், கூலிங் டவர், மாதாமாதம் முதலாளியின் தூக்கத்தைக் கெடுக்கும் ஈ.பி. பில், எல்லாம் ஒரே கூரைக்குள். ஆற்றல் சிக்கன ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எந்தக் கல்லூரி வளாகத்திலும் கிடையாது என்பது என் கருத்து.

இப்படி ஒரு ப்ராஜெக்ட்டை முடிப்பதற்குள் நான் பட்ட பாட்டில் பெரும்பகுதி, எந்த மாதம் போவது, எந்தக் கடிதத்தோடு போவது, உப்புக்காற்றில் எந்தக் கருவி பிழைக்கும் என்று சொல்ல ஆளில்லாததால் வந்தது. அதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். அமோனியா எப்படிக் குளிர்விக்கிறது என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, இங்கே வராது.

1. லேப்டாப்பைத் திறக்கும் முன் காலண்டரைத் திறங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் வாங்க ஆளிருக்காது, பல கம்பெனிகள் கம்ப்ரசரை நிறுத்திப் பிரித்துப் போட்டு ஓவர்ஹால் செய்துகொண்டிருக்கும். உங்கள் ப்ராஜெக்ட் செமஸ்டரோ ஜனவரியில் தொடங்கி மே மாதம் வரை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: உண்மையாக அளக்கக் கிடைப்பது ஜனவரி, பிப்ரவரி, மார்ச், அப்புறம் ஏப்ரலில் பாதி. கல்லூரியில் முதல் ரிவ்யூ முடிந்து, தலைப்பு உறுதியாகி, கருவி வாங்கி, மார்ச் கடைசியில் ஊருக்குப் போகலாம் என்று திட்டம் போட்டால் கதவு சாத்தும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்வீர்கள். அனுமதியை நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள். டிசம்பரில் கருவியைக் கட்டி வீட்டில் ஓட்டிப் பாருங்கள். பொங்கல் முடிந்ததும் பொருத்திவிட வேண்டும்.

அடுத்தது வாரக் கணக்கு. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஐஸின் தேவையும் அதே தாளத்தில்தான் ஏறி இறங்கும், படகு போவதற்கு முந்தின இரவும் அன்றைய காலையும் உச்சம். இதோடு காற்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத்துறை கடலுக்குப் போவதற்கான டோக்கன் கொடுக்காது. மீனவர்கள் கைதாகி வேலைநிறுத்தம் என்றால் வாரக்கணக்கில் கடற்கரையே வெறிச்சோடிவிடும். ஆகவே "ஒரு வாரம் அளந்தேன்" என்று ரிப்போர்ட்டில் எழுதினால் அது எந்த வாரம் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. குறைந்தது நான்கு வாரம் தொடர்ந்து பதிவாகட்டும், கூடவே ஒரு நோட்டில் தினமும் படகு போனதா, டோக்கன் கொடுத்தார்களா என்று எழுதி வையுங்கள். மீன்வளத்துறை உள்ளூர் அலுவலகத்தில் கல்லூரிக் கடிதத்தோடு கேட்டால் எத்தனை படகு போனது என்ற கணக்கு கிடைக்க வாய்ப்பு உண்டு. இந்த ஒரு கணக்கு உங்கள் வரைபடத்தில் ஏறிவிட்டால் பாதி விளக்கம் தானாக வந்துவிடும்.

தடைக்காலத்தையும் வீணாக்க வேண்டாம். பிரைன் டேங்கைக் காலி செய்திருந்தால், பக்கச் சுவரின் இன்சுலேஷன் என்ன தடிமன், எங்கே ஊறிப்போயிருக்கிறது, குளிர்விக்கும் குழாய்ச் சுருளில் எவ்வளவு துரு என்று அப்போதுதான் கண்ணால் பார்க்க முடியும். அளவு நாடாவோடு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள்.

2. தலைப்பை ஒரே கேள்வியாகச் சுருக்குங்கள்

"ஐஸ் தொழிற்சாலைகளில் ஆற்றல் திறன் மேம்பாடு" என்பது தலைப்பே அல்ல, அது ஒரு துறை. ஒரே கேள்வி போதும்: இந்தக் கம்பெனியில் ஒரு டன் ஐஸ் செய்ய எத்தனை யூனிட் ஆகிறது, அது ஏன் குறையவில்லை?

அளக்கப் போகும் முன் விடை எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கணக்கு எளிது. 30 டிகிரித் தண்ணீரை 0 டிகிரிக்குக் கொண்டுவர கிலோவுக்குச் சுமார் 125 கிலோஜூல், உறைய வைக்க 334, ஐஸை மைனஸ் 5 வரை இறக்க இன்னும் 10. கூட்டினால் சுமார் 470 கிலோஜூல். ஒரு டன்னுக்குக் கணக்குப் போட்டு 3,600ஆல் வகுத்தால் 130 யூனிட் குளிர். கம்ப்ரசரின் சி.ஓ.பி., அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிடைக்கும் குளிர், 3 என்று வைத்தால் மின்சாரம் சுமார் 43 யூனிட். இதற்கு மேல் பிரைனைக் கலக்கும் அஜிடேட்டர், கண்டென்சர் (சூடான அமோனியாவைத் திரவமாக்கும் பகுதி) பம்ப், கூலிங் டவர் ஃபேன், தொட்டிச் சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம் எல்லாம் சேரும். ஆக, உங்கள் மீட்டர் டன்னுக்கு 35 யூனிட் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், எங்கோ ஒரு ஃபேஸ் விட்டுப்போயிருக்கிறது. 90 காட்டினால் உங்களுக்கு நல்ல ப்ராஜெக்ட் கிடைத்துவிட்டது.

"சோலார் போட்டுவிடலாம்" என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. நாளுக்கு 20 டன் செய்கிற கம்பெனி, டன்னுக்கு 60 யூனிட் என்றால் தினம் 1,200 யூனிட். நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் தினம் சுமார் 4 யூனிட் தரும், ஆக 300 கிலோவாட் வேண்டும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று போட்டால் 30,000 சதுர அடி. அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இதே மாவட்டத்தில் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் 2016இலிருந்து ஓடுகிறதே என்று கேட்கலாம், அது உள்நாட்டில் சுமார் 2,500 ஏக்கர் நிலத்தில் நிற்கிறது. ஐஸ் கம்பெனியில் சோலார் ஒரு துணை, அவ்வளவுதான். முதலில் வீணாவதை நிறுத்துங்கள், அப்புறம் பேனல்.

எம்.இ. மாணவர்களுக்கு இன்னும் சுவாரசியமான ஒரு கேள்வி இருக்கிறது. பிரைன் டேங்க் என்பதே ஒரு பெரிய குளிர் சேமிப்பு. எச்.டி. எனப்படும் உயர் அழுத்த மின் இணைப்பில் காலை, மாலை பீக் நேரத்து யூனிட்டுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, நடு இரவில் சிறு தள்ளுபடி உண்டு. மாலை சில மணி நேரம் கம்ப்ரசரைக் குறைத்து, இரவில் பிரைனை ஓரிரு டிகிரி கூடுதலாக இறக்கினால் ஐஸ் உற்பத்தி பாதிக்குமா, பில் எவ்வளவு குறையும்? பேட்டரிக்கு லட்சக்கணக்கில் செலவழிக்காமல் சேமிப்பு ஆராய்ச்சி செய்யலாம். பிரைன் குளிரக் குளிர கம்ப்ரசரின் சி.ஓ.பி. இறங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், இல்லையென்றால் வைவாவில் அங்கேதான் பிடிப்பார்கள்.

3. காகிதங்கள்

முதலாளியின் முதல் பயம், நீங்கள் ஈ.பி.யிலிருந்தோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்தோ வந்திருக்கிறீர்களோ என்பதுதான். அந்தப் பயத்தைப் போக்கும் காகிதங்கள் இவை.

கல்லூரிக் கடிதம், ஹெச்.ஓ.டி. கையெழுத்தும் முதல்வர் சீலும் சேர்ந்து. "டு ஹூம்ஸோஎவர்" என்று பொதுவாக வாங்காதீர்கள், கம்பெனியின் பெயரைப் போட்டு வாங்குங்கள், ஒரு நகலில் அவர்களிடம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: என்ன அளக்கப் போகிறீர்கள், எத்தனை வாரம், உற்பத்தியை நிறுத்தச் சொல்ல மாட்டீர்கள், கம்பெனியின் பெயரை எங்கும் வெளியிட மாட்டீர்கள். நான்காவதுதான் கதவைத் திறக்கிறது. ரிப்போர்ட்டில் "கம்பெனி அ" என்று போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

அடையாள அட்டை நகல், கைடின் போன் நம்பர், கல்லூரியின் விபத்துக் காப்பீட்டு விவரம். காப்பீட்டைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். அமோனியா இருக்கிற இடத்துக்குப் போகிறீர்கள்.

பன்னிரண்டு மாத மின்கட்டண பில். இதை முதல் நாளே கேட்காதீர்கள். இரண்டு மூன்று தடவை போய், ஆபரேட்டரோடு டீ குடித்து, கணக்கப்பிள்ளைக்கு உங்கள் முகம் பழகிய பிறகு கேளுங்கள். போட்டோ எடுத்துக்கொண்டால் போதும், ஆன்லைன் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கவே கூடாது. பில் கைக்கு வந்ததும் யூனிட்டை மட்டும் பார்க்காமல் பதிவான டிமாண்ட் (அந்த மாதத்தில் இழுத்த உச்ச மின்சுமை) எவ்வளவு, அனுமதித்த டிமாண்ட் எவ்வளவு, பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) எவ்வளவு என்று மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இணைப்பு தாழ்வழுத்த எல்.டி.யா, எச்.டி.யா என்றும் பாருங்கள். எச்.டி. என்றால் தடைக்கால மாதங்களின் பில்லைத் தனியாக எடுத்துப் பாருங்கள். கம்ப்ரசர் ஓடாவிட்டாலும் டிமாண்ட் சார்ஜ் மட்டும் வந்து நிற்கும், ஒரு அத்தியாயத்துக்கான விஷயம் அதிலேயே இருக்கிறது.

கம்பெனியை விட்டு வெளியே, கடற்கரையிலோ கடலிலோ சென்சார் வைக்க ஆசைப்பட்டால் காகிதம் வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. அந்த அனுமதி ஒரு செமஸ்டருக்குள் வரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். கரையில் எதையாவது நட்டு வைப்பது என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி குறுக்கே வரும். ட்ரோன் பற்றி யோசிக்கவே வேண்டாம், உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது. காற்று அளவி, வெயில் அளவி எதுவானாலும் கம்பெனி மொட்டைமாடியிலோ உங்கள் வீட்டு மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. இரவு பதினோரு மணிக்கு ஒயரும் பெட்டியுமாக ஜெட்டிப் பக்கம் நடந்தால் கடலோரக் காவல் போலீஸ் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். கடிதத்தின் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும்.

4. செலவு

கல்லூரி எலக்ட்ரிக்கல் லேபில் மூன்று ஃபேஸ் பவர் அனலைசர் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. ஆனால் நான்கு வாரத்துக்கு வெளியே விட மாட்டார்கள், இரண்டு மூன்று நாள் தருவார்கள். அந்த நாட்களில் அதை வைத்து உங்கள் சொந்தக் கருவியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்தால் நாள் வாடகையைவிட டெபாசிட்தான் பெரிது, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சொந்தக் கருவிக்கு இ.எஸ்.பி.32 என்ற சின்னக் கணினி போர்டு சுமார் 500 ரூபாய், ஃபேஸுக்கு ஒன்றாக பிசெம் (PZEM) வகை மின் அளவி மூன்று, ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய்க்குள். இந்தச் சின்ன அளவிகள் 100 ஆம்பியர் வரைதான் தாங்கும். 50 ஹெச்.பி. மோட்டார் முழு லோடில் 65, 70 ஆம்பியர் இழுக்கும், அதுவரை பரவாயில்லை. 75 ஹெச்.பி. என்றால் எல்லையைத் தொட்டுவிடும், பெரிய சி.டி. (ஒயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வாங்குங்கள். மோட்டாரின் நேம் பிளேட்டைப் படிக்காமல் ஆர்டர் போடக் கூடாது.

வெப்பநிலைக்கு நீர்புகாத டி.எஸ்.18பி20 சென்சார், ஒன்று நூறு ரூபாய் சுமார். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரி துல்லியம் என்று அதன் தாளில் இருக்கும். பிரைனோ மைனஸ் 8, மைனஸ் 10 என்று அந்த எல்லையிலேயேதான் நிற்கும். எல்லா சென்சாரையும் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் ஒன்றாகப் போட்டு, எது எவ்வளவு பிசகுகிறது என்று எழுதிக்கொண்டு அப்புறம் பொருத்துங்கள். ஐஸ் கம்பெனியில் ஐஸுக்கா பஞ்சம்?

இனி உப்பு. கருவிக்கு ஆகும் செலவில் கால் பங்காவது பாதுகாப்புக்கு ஒதுக்குங்கள். மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமான செக்ரி, உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து அரிப்பைச் சோதிக்கிற நிலையம் வைத்திருக்கிறது என்றால், இந்தக் காற்றின் குணத்தை யோசித்துக்கொள்ளுங்கள். தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 பெட்டி, ஒயர் நுழையும் ஓட்டையை இறுக்கி மூடும் கிளாண்ட், உள்ளே சிலிக்கா ஜெல், போர்டின் மேல் பூச்சு ஸ்ப்ரே. திறந்த கனெக்டர் எதுவும் வேண்டாம், பச்சை பூத்துவிடும், சாலிடர் செய்து ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். வைஃபையை நம்பி டேட்டாவை நேரே கிளவுடுக்கு அனுப்பாதீர்கள். எஸ்.டி. கார்டும் கரண்ட் போனாலும் ஓடும் கடிகார சிப்பும் கட்டாயம்.

மற்றபடி பஸ், இரவு ஷிஃப்டுக்குப் போய்வர யாருடைய வண்டிக்காவது பெட்ரோல், டீ, வடை, பைண்டிங். தமிழ்நாடு அறிவியல் மற்றும் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்கு நிதி தருகிறது, துறைத்தலைவர், முதல்வர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டாயம் போடுங்கள், ரெஸ்யூமேயில் அழகாக இருக்கும். ஆனால் அந்தப் பணத்தில்தான் கருவி வாங்குவேன் என்று காத்திருந்தால் தடைக்காலம் முந்திக்கொள்ளும்.

5. பொருத்துவதும் அளப்பதும்

மின்சாரப் பேனலுக்குள் கை வைப்பது கம்பெனி எலக்ட்ரீஷியன், நீங்கள் இல்லை. கம்ப்ரசர் நிற்கும் நேரம் எப்போது என்று அவரிடம் கேட்டு அந்த நேரத்தில் போங்கள். லோடு ஓடும்போது சி.டி.யின் இரண்டாம் பக்க ஒயரைக் கழற்றினால் ஆபத்தான வோல்டேஜ் வரும், இதை அவருக்கும் நினைவுபடுத்துங்கள், வெட்கப்பட வேண்டாம். சி.டி.யின் அம்புக்குறி மூன்று ஃபேஸிலும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். பொருத்திய அன்றே ஒரு மணி நேரத்து யூனிட்டை ஈ.பி. மீட்டரின் அதே மணி நேரத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

அமோனியாவைப் பற்றி விளையாட்டு வேண்டாம். எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) என்பது பரிந்துரைக்கப்படும் எல்லை, 300 பி.பி.எம். உயிருக்கு உடனடி ஆபத்து. மூக்கு எரிந்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காமல் காற்று வரும் திசையைப் பார்த்து வெளியே வந்துவிடுங்கள். வாயு லேசானதுதான், ஆனாலும் பெரிய கசிவில் குளிர்ந்த புகையாகத் தரையோடும் பரவும். போன முதல் நாளே இரண்டு வாசல் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். இரவில் தனியாகப் போகக் கூடாது. தரை எப்போதும் ஈரம், ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அமோனியா லைனுக்குள் எதையும் நுழைக்க நினைக்காதீர்கள், குழாயின் மேல் சென்சாரை ஒட்டி இன்சுலேஷன் சுற்றினால் ஆராய்ச்சிக்குப் போதுமான அளவு கிடைக்கும்.

ஐஸை அளப்பதில்தான் ரொம்பப் பேர் சறுக்குகிறார்கள். யூனிட்டைப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை எழுதிவிட்டு, ஐஸை மட்டும் "50 கிலோ பார்" என்று வாய்ச்சொல்லை நம்பி எழுதுவார்கள். பார் அச்சாக 50 கிலோ இருப்பதில்லை. கேன் பழையது, சில நெளிந்தது, தண்ணீரும் ஒரே அளவு ஊற்றுவதில்லை. பத்துப் பதினைந்து பாரைத் தராசில் ஏற்றிச் சராசரியும் ஏற்ற இறக்கமும் எடுங்கள். அப்புறம் விற்பனை நோட்டு வேறு, உற்பத்தி வேறு. உடைந்தது, உருகியது, தெரிந்தவருக்குச் சும்மா கொடுத்தது எல்லாம் விற்பனை நோட்டில் இருக்காது. கேனைத் தூக்கும் ஆளிடம் ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை வரிசை எடுத்தார் என்று கேட்பதுதான் நம்பகமான கணக்கு, அவருக்கு அது மனப்பாடம். ஊற்றும் தண்ணீரின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் டேங்கர் தண்ணீருக்கும் நிழல் தொட்டித் தண்ணீருக்கும் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் வந்தால், மேலே போட்ட கணக்கின்படி டன்னுக்கு ஆறேழு யூனிட் குளிர் அதிலேயே போகிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது கண்டென்சர். இந்தக் கரையில் போர்வெல் தண்ணீர் உப்பு, குழாய்க்குள் படிவு கட்டும், கண்டென்சிங் வெப்பநிலை ஏறும். அது ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரசரின் மின்செலவு இரண்டு மூன்று சதவீதம் கூடும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. கூலிங் டவர் தண்ணீரின் டி.டி.எஸ்ஸை (கரைந்திருக்கும் உப்பின் அளவை) வாரம் ஒருமுறை அளந்து, கம்ப்ரசர் வெளியேற்றும் பக்கத்து அழுத்தமான ஹெட் பிரஷர் கேஜ் அளவோடு பக்கத்தில் எழுதி வந்தால், படிவை எடுப்பதற்கு முன்னும் பின்னும் என்று அருமையான ஒரு ஒப்பீடு கிடைக்கும். முதலாளிக்குப் பைசா செலவில்லாத பரிந்துரையும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பவர் ஃபேக்டரை உயர்த்தும் கெபாசிட்டர் பேனலையும் திறக்கச் சொல்லிப் பாருங்கள், செத்துப்போன கெபாசிட்டர்கள் ஒயரைக் கழற்றிவிட்ட நிலையில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

6. கணக்கில் வரும் பொறிகள்

நாசாவின் இலவச வானிலைத் தரவை இறக்கி வெயிலளவு போட்டுவிடுவோம் என்பார்கள். அதில் வெயில் கதிர்வீச்சுக்கான ஒரு கட்டம் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி, அதாவது பக்கத்துக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர் சுமார். ராமேஸ்வரம் இருக்கும் கட்டத்தில் பாக் நீரிணை, மன்னார் வளைகுடா, கொஞ்சம் தரை எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். மாதச் சராசரிக்குப் பயன்படுத்தலாம், கண்டென்சர் பக்கத்துக் காற்றின் வெப்பமும் ஈரமும் வேண்டுமென்றால் உங்கள் சொந்த அளவி வேண்டும்.

கரியமில வாயுக் கணக்குக்கு வெளிநாட்டுக் கட்டுரையிலிருந்து எண்ணை எடுக்காதீர்கள். மத்திய மின்சார ஆணையம் நம் கிரிட்டுக்கு வருடாவருடம் வெளியிடுகிறது, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. எந்த வருடப் பதிப்பு என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்ற கணக்கில் 365ஆல் பெருக்குவது இங்கே செல்லாது. தடைக்காலம் 61 நாளை எடுத்துவிடுங்கள். மீதியிலும் முழு லோடு ஓடிய நாட்கள் எத்தனை என்று உங்கள் நோட்டிலிருந்தே எடுங்கள். இரண்டு வருடம் என்று விற்பனையாளர் சொல்கிற இடத்தில் உங்களுக்கு மூன்றோ மூன்றரையோ வரும், அதுதான் உண்மை.

7. படிக்கவும் கேட்கவும்

எனர்ஜி ஆடிட்டர் தேர்வுக்காக பி.இ.இ. எனப்படும் மத்திய ஆற்றல் திறன் அமைப்பு வெளியிட்ட நான்கு வழிகாட்டிப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். மூன்றாம் புத்தகத்தில் மோட்டார், குளிர்பதனம், பம்ப், கூலிங் டவர் எல்லாம் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. எந்த அளவை எந்த ஃபார்முலாவில் போடுவது என்பதற்கு இதைவிட எளிதாக வேறொன்று நான் பார்க்கவில்லை.

அரிப்பு, பேட்டரி பக்கம் போகிறவர்களுக்குக் காரைக்குடி செக்ரி ரயிலில் போய்வரும் தூரம்தான். நேராக வாசலில் போய் நிற்காதீர்கள், உங்கள் கைடின் மெயிலிலிருந்து, என்ன கேள்வி என்று நான்கு வரியில் எழுதச் சொல்லுங்கள். கடலோரச் சோலார் பேனல்களை எடுத்துக்கொள்கிறவர்கள் உப்புப் பனிச் சோதனைக்கான ஐ.இ.சி. 61701 தரத்தையும், பேனல் செயல்திறனைக் கண்காணிக்கும் ஐ.இ.சி. 61724 தரத்தையும் கல்லூரி நூலகம் வழியாகக் கேளுங்கள், காசு கொடுத்து வாங்கினால் கட்டுப்படியாகாது.

இதையே தொடர்ந்து ஆராய்ச்சியாகச் செய்ய நினைத்தால் கேட் தேர்வு பிப்ரவரியில் வரும், அதாவது நீங்கள் ஐஸ் கம்பெனியில் இருக்கும் அதே மாதம். ஆகவே படிப்பை டிசம்பருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து பிஹெச்.டி. என்றால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இன்டர்வியூவில் உங்கள் கையால் எடுத்த நான்கு வார டேட்டாவைக் காட்டுங்கள், மென்பொருளில் போட்ட கலர் படத்தைவிட அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள்.

8. கழற்றும் நாள்

ஏப்ரல் 14க்குள் கழற்றிவிடுங்கள். கம்ப்ரசரைப் பிரிக்கும்போது உங்கள் பெட்டி குறுக்கே தொங்கினால் வெட்டிப் போட்டுவிடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கழற்றும் முன் கருவியை மறுபடியும் ஈ.பி. மீட்டரோடு ஒப்பிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மாதிரி அளந்தது என்று காட்ட அது வேண்டும். பேனல் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

வைவாவுக்கு முன்பே முதலாளிக்கு இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். வரைபடம் ஒன்று போதும். டன்னுக்கு எத்தனை யூனிட், அதில் எவ்வளவு குறைக்கலாம், அதற்கு என்ன செலவு, மாதம் எத்தனை ரூபாய் மிச்சம், இவ்வளவுதான் அவர் பார்ப்பார். தடைக்காலத்தில் கம்ப்ரசர் பிரிந்து கிடக்கும்போதே அது அவர் கையில் இருந்தால், கண்டென்சர் குழாயைச் சுத்தம் செய்கிற வேலையையும் செத்த கெபாசிட்டரை மாற்றுகிற வேலையையும் அந்த ஓவர்ஹாலிலேயே சேர்த்துவிடுவார். ஜூன் 15க்கு மேல் ஒரு வாரம் மட்டும் கருவியை மறுபடி மாட்ட அனுமதி கேட்டு வையுங்கள், உங்களுக்கு டிகிரி கிடைத்திருந்தாலும் ஜூனியர் ஒருவரை அனுப்பலாம், முன்னும் பின்னும் அளந்த டேட்டா இருந்தால்தான் கட்டுரையாக எழுதி அனுப்ப முடியும்.